குட்டிப் பாம்புக்கு ஃப்ரீசர் எலி கொடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதிதாகப் பாம்பு வளர்க்கத் தொடங்குகிறவர்களுக்குத் தூக்கம் கெடுவது பெரும்பாலும் தீனி விஷயத்தில்தான். கார்ன் ஸ்நேக், கிங் ஸ்நேக், மில்க் ஸ்நேக், பால் பைத்தான் மாதிரி எலி தின்னும் விஷமில்லாத பாம்புகளின் குட்டிகளை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஆரோக்கியமான குட்டி ஒரு வேளை இரையை விட்டுவிட்டால் அதற்கு ஒன்றும் ஆகாது, ஆனால் அதைப் பார்த்துப் பதறிப்போய் நாம் செய்கிற காரியங்களால் நிறைய ஆகும். கீழே உள்ள பல பதில்கள் சுற்றிச் சுற்றி இங்கேயேதான் வரும்.

உயிருள்ள எலியைக் கொடுப்பதுதானே இயற்கை? உறைந்த எலி எதற்கு?

வெளியில் எலிக்கு ஓட இடம் இருக்கிறது, பாம்புக்கும் விலகிப் போக இடம் இருக்கிறது. பெட்டிக்குள் இரண்டுக்கும் இல்லை. பசியில்லாத பாம்போடு வளர்ந்த எலியை அடைத்து வைத்தால் எலி சும்மா இருக்காது, பாம்பைக் கடித்துக் குதறிவிடும். முதுகுத் தோல் கிழிந்து, கண் போய் மருத்துவரிடம் வருகிற வளர்ப்புப் பாம்புகளில் எலி கடித்தவையும் உண்டு. பாம்பு சுற்றிப் பிடித்த பிறகும் கூட, உயிர் போவதற்குள் எலி அதன் முகத்தில் பல்லைப் பதித்துவிடலாம். எலியின் பக்கமிருந்து பார்த்தாலும் மூலையில் ஒடுங்கி மணிக்கணக்கில் நடுங்குவது கொடுமைதான்.

உறைந்த எலியில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. உறைய வைப்பதால் பல ஒட்டுண்ணிகளும் செத்துவிடும். செத்த இரையைத் தின்பது பாம்புக்குப் புதிதும் அல்ல, காட்டிலும் கிடைத்தால் தின்னும். வேட்டையாடாவிட்டால் சலித்துப்போகும், நோஞ்சானாகிவிடும் என்று சொல்வதில் எந்த உண்மையும் இல்லை.

பிங்கி, ஃபஸ்ஸி, ஹாப்பர் என்கிறார்களே, என்ன அது?

சுண்டெலிக் குஞ்சின் வயதைச் சொல்லும் பெயர்கள். பிறந்து சில நாளே ஆன, முடியில்லாத இளஞ்சிவப்புக் குஞ்சு பிங்கி. மெல்லிய முடி வந்ததும் ஃபஸ்ஸி. கண் திறந்து துள்ளத் தொடங்கியது ஹாப்பர். பெரிய எலி இனத்திலும் இதே பெயர்கள்தான், ஆனால் எடை பல மடங்கு. சுண்டெலி பிங்கி 1 முதல் 3 கிராம்தான் இருக்கும். அதனால் வாங்கும்போது வெறுமனே பிங்கி என்று கேட்காமல் எந்த எலியின் பிங்கி என்று கேட்டு வாங்குங்கள்.

என் பாம்புக்கு எந்த அளவு சரி?

உடம்பின் மிகத் தடிமனான இடத்தைப் பாருங்கள். இரை அந்தத் தடிமனுக்குச் சமமாகவோ சற்றே கூடுதலாகவோ இருக்கலாம், ஒன்றரை மடங்கைத் தாண்டக் கூடாது. முட்டையிலிருந்து வந்து சில வாரமான கார்ன் ஸ்நேக்குக்கு ஒரு சுண்டெலி பிங்கி போதும். பால் பைத்தான் பிறக்கும்போதே ஏறக்குறைய 50 முதல் 70 கிராம் வரை இருக்கும் என்பதால் பிங்கி அதற்குப் பத்தாது, சுண்டெலி ஹாப்பரிலிருந்தே தொடங்கலாம். பால் பைத்தான் குட்டிக்கு எடைக் கணக்கும் நன்றாக உதவும்: பாம்பின் எடையில் 10 முதல் 15 சதவீதம் வரை ஒரு வேளை இரை.

ஒரு கிராம் வரை துல்லியமாகக் காட்டும் சின்னத் தராசு ஒன்று வாங்கிவிடுங்கள். கூண்டு அலங்காரத்துக்குச் செலவழிப்பதைக் குறைத்துக்கொண்டாவது வாங்குங்கள். பாம்பு இளைக்கிறதா இல்லையா என்று கண்ணால் பார்த்துச் சொல்வது அனுபவம் உள்ளவர்களுக்கே கஷ்டம்.

இரை உள்ளே போன பிறகு வயிற்றில் மெலிதாக ஒரு புடைப்பு தெரிந்தால் அளவு சரி. செதில்களுக்கு நடுவே தோல் இழுபட்டுத் தெரிகிற அளவுக்குப் புடைத்திருந்தால் அடுத்த முறை ஒரு படி குறையுங்கள்.

எத்தனை நாளுக்கு ஒரு முறை?

பிங்கி தின்னும் சின்னக் குட்டிக்கு 5 முதல் 7 நாள் இடைவெளி. அதைவிடப் பெரிதானதும் வாரம் ஒரு முறை, பிறகு வளர வளர 10 நாள், 14 நாள் என்று தள்ளிக்கொண்டே போகலாம். சீக்கிரம் பெரிதாக்க வேண்டுமென்று மூன்று நாளுக்கு ஒரு முறை திணிப்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். பாம்புக்கும் கொழுப்பு நோய் வரும், ஈரல் கெடும், ஒரு இரை செரிப்பதற்குள் அடுத்தது போனால் இரண்டையும் சேர்த்துக் கக்கும்.

இன்றுதான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். இன்றே கொடுக்கலாமா?

வேண்டாம். ஒரு வாரம் விட்டுவிடுங்கள். தண்ணீர் மாற்றுவதைத் தவிரக் கூண்டுக்குள் கை போகக் கூடாது, யார் வந்து கேட்டாலும் எடுத்துக் காட்டக் கூடாது. அந்த வாரத்தில் நீங்கள் பார்க்க வேண்டியது கூண்டின் சூட்டைத்தான். கார்ன் ஸ்நேக்குக்குச் சூடான பக்கம் 29-30 டிகிரி செல்சியஸ், பால் பைத்தானுக்கு 31-32, இரண்டுக்குமே எதிர்ப்பக்கம் குளுமையாக, இரண்டு பக்கமும் உடம்பு உரசிக்கொண்டு நுழைகிற அளவுக்கு நெருக்கமான மறைவிடம் ஒவ்வொன்று. கூண்டுக்கு அடியில் விரிக்கிற சூட்டுப் பாயை, சூட்டைக் கட்டுக்குள் வைக்கும் தெர்மோஸ்டாட் இல்லாமல் போட வேண்டாம்.

முன்பு வளர்த்தவரிடம் நான்கு விஷயம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்: கடைசியாக எப்போது தின்றது, என்ன தின்றது, உயிரோடா உறைந்ததா, இடுக்கியில் பிடித்துக் கொடுத்ததா கீழே வைத்ததா. முதல் வேளையை அதே மாதிரி கொடுத்தால் பாதிச் சிக்கல் வராமலே போய்விடும்.

உறைந்த எலியை எப்படி இளக வைப்பது?

அவசரப்படாமல் செய்ய வேண்டிய ஒரே வேலை இதுதான், அவசரப்பட்டுச் செய்யப்படுவதும் இதுதான்.

எலியை ஜிப் கவரில் போட்டு, காற்றை வெளியேற்றி, ஃப்ரீசரிலிருந்து கீழே ஃப்ரிட்ஜுக்குள் இறக்கி வையுங்கள். பிங்கி இரண்டு மூன்று மணி நேரத்தில் இளகிவிடும், வளர்ந்த எலி என்றால் முதல் நாள் இரவே வைத்துவிட வேண்டும். நேரம் இல்லையென்றால் கவரோடு குளிர்ந்த தண்ணீரில் மூழ்க வைக்கலாம், பிங்கிக்கு அரை மணி நேரம் போதும். சமையலறை மேடையில் காலையில் எடுத்து வைத்துவிட்டு சாயங்காலம் வந்து கொடுப்பது மட்டும் வேண்டாம். எலியின் வெளிப்பக்கம் முதலில் இளகி, உள்ளே ஐஸ் இருக்கும்போதே வெளியே கிருமி பெருகத் தொடங்கிவிடும். குடலிலும் அப்படியே. வயிறு பச்சையாகி உப்பி, பாம்பு வாயில் வைத்ததும் வெடிப்பது இப்படி வைத்த எலிகள்தான்.

இளகிவிட்டதா என்று கவருக்கு மேலேயே விரலால் சோதியுங்கள். கால்களும் வாலும் வளைவதைப் பார்த்து நம்பக் கூடாது, அவை முதலிலேயே இளகிவிடும். கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் வைத்து வயிற்றின் நடுவில் மெதுவாக அழுத்துங்கள், அப்புறம் மார்புக்கூட்டை, அப்புறம் தலைக்குப் பின்னால். எங்கேயாவது சின்னக் கூழாங்கல் மாதிரி கெட்டியாகத் தட்டுப்பட்டால் உள்ளே இன்னும் ஐஸ் இருக்கிறது. திரும்ப வையுங்கள். உள்ளே குளிர்ந்திருக்கும் இரை பாம்பின் வயிற்றுச் சூட்டைக் குறைத்து, செரிமானத்தை நிறுத்தி, கடைசியில் கக்க வைக்கும்.

முழுக்க இளகிய பிறகுதான் சூடாக்குவது. குழாயில் வருகிற வெந்நீர், கை வைத்தால் நன்றாகச் சுடுகிறது ஆனால் கையை எடுக்கத் தோன்றவில்லை என்ற பதம். அதில் கவரோடு பத்து, பதினைந்து நிமிடம். எலியின் மேற்பரப்பு 38-40 டிகிரி இருந்தால் போதும், உயிருள்ள எலியின் சூட்டைவிடச் சற்றே கூடுதல் அது. வெளியே எடுத்துப் பேப்பர் துண்டால் ஒற்றிவிட்டு உடனே கொடுங்கள், பிங்கி இரண்டு மூன்று நிமிடத்தில் ஆறிவிடும்.

மைக்ரோவேவ்?

கூடாது. ஓரிடம் வெந்து ஓரிடம் ஐஸாக இருக்கும், எலி வெடிக்கவும் செய்யும். கொதிக்கிற தண்ணீரும் வேண்டாம், தோல் வெந்து உரிந்துவிடும்.

இளக வைத்த எலியைப் பாம்பு தொடவில்லை. திரும்ப ஃப்ரீசரில் வைக்கலாமா?

சூடாக்கிய எலியைத் திரும்ப உறைய வைக்கவே கூடாது. மனசு கேட்காது, காசு கொடுத்து வாங்கியதுதான், ஆனாலும் தூக்கிப் போடுங்கள்.

எப்படிப் பிடித்துக் கொடுக்க வேண்டும்?

சாயங்காலம் விளக்கை மங்கலாக்கிவிட்டுக் கொடுங்கள். கூண்டைச் சுற்றி ஆள் நடமாட்டம் வேண்டாம். நீளமான இடுக்கி, 25-30 செ.மீ. இருந்தால் கைக்கும் எலிக்கும் நடுவே போதிய தூரம் கிடைக்கும். நுனியில் ரப்பர் இருப்பது நல்லது, பாம்பு தவறிப்போய் இடுக்கியைக் கடித்தாலும் பல் உடையாது. எலியை இடுப்புக்குப் பக்கமாகப் பிடித்து, தலை பாம்பைப் பார்க்கிற மாதிரி, மறைவிடத்தின் வாசலுக்கு ஒரு சாண் தள்ளி, தரையை ஒட்டிக் காட்டுங்கள். மேலிருந்து முகத்துக்கு நேராக இறக்கினால் பாம்புக்கு அது பருந்து மாதிரிதான்.

இனி நீங்கள் பார்க்க வேண்டியது நாக்கை. முதலில் நீளமாக, மெதுவாக வெளியே வந்து மேலும் கீழும் ஆடும். பிறகு தலை எலியின் பக்கம் திரும்பி அசையாமல் நிற்கும், கழுத்து நெளிந்து பின்னால் இழுபடும், நாக்கு குறுகலாக, வேகமாக வந்து போகும். இந்த நேரத்தில் நம் கை ஆடினால் காரியம் கெட்டுவிடும். லேசான ஒரு நடுக்கம் போதும். பாம்பு பாய்ந்து கவ்விச் சுற்றியதும் உடனே இடுக்கியை இழுக்காமல் எலியை இரண்டு முறை மெதுவாக அசைத்துவிட்டு விடுங்கள், அது துடிக்கிறது என்று பாம்பு இன்னும் இறுக்கும். அப்புறம் கூண்டை மூடிவிட்டு நகருங்கள். சில பாம்புகள் சுற்றிப் பிடித்தபடியே அரை மணி நேரம் கூட இருக்கும். படம் எடுக்கிறேன் என்று டார்ச் அடித்தால் விட்டுவிட்டுப் போய்விடும்.

தலையிலிருந்துதான் விழுங்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. சின்ன இரையைப் பின்பக்கமிருந்து விழுங்கினாலும் பரவாயில்லை. விழுங்கி முடித்ததும் பெரிதாகக் கொட்டாவி விடும், தாடை கோணலாகக் கூடத் தெரியும். அது நழுவிய தாடை அல்ல. பாம்பின் கீழ்த்தாடை இரண்டு பாதிகளும் முன்னால் ஒட்டாமல் நெகிழும் தசைநாரால் இணைந்திருக்கின்றன, அவற்றைப் பழைய இடத்துக்குக் கொண்டுவருகிறது, அவ்வளவுதான்.

தின்னவே மாட்டேன் என்கிறது. என்ன செய்வது?

முதலில் கூண்டைப் பாருங்கள், பாம்பைப் பிறகு பார்க்கலாம். சூடு சரியாக இருக்கிறதா, மறைவிடம் போதுமா, தினமும் கையில் எடுக்கிறீர்களா, கண் பால் படிந்த மாதிரி நீலமாக மங்கியிருக்கிறதா? கண் மங்கியிருந்தால் சட்டை உரிக்கப் போகிறது, உரித்து முடிக்கும் வரை இரையைக் காட்டவே வேண்டாம். அந்தச் சமயத்தில் பல பாம்புகள் இரை எடுக்காது.

இதெல்லாம் சரியாக இருந்தால் அடுத்து எலியின் சூடு. பால் பைத்தானுக்கு மேலுதட்டின் ஓரமாகச் சூட்டை உணரும் குழிகள் இருக்கின்றன, அதற்கு ஆறிப்போன எலி இருப்பதாகவே படாது. கொடுப்பதற்கு முன் எலியின் தலையை மட்டும் ஹேர் டிரையரால் சூடேற்றிக் காட்டுங்கள், பெரும்பாலும் இது ஒன்றே வேலை செய்துவிடும். கார்ன் ஸ்நேக்குக்கு அந்தக் குழிகள் கிடையாது, அது வாசனையை நம்பி இருக்கிற பாம்பு. அதற்கு இடுக்கியே பயமாக இருக்கலாம். காற்றுத் துளை போட்ட சின்ன டப்பாவில் பேப்பர் துண்டைப் போட்டு, பிங்கியையும் குட்டியையும் ஒன்றாக வைத்து, மூடி, சூடு சரியாக இருக்கிற இருட்டான இடத்தில் இரவு முழுக்க விட்டுவிடுங்கள். காலையில் பிங்கி இருக்காது. கார்ன் ஸ்நேக் குட்டிகளுக்கு நான் முதலில் சொல்வது இந்த வழியைத்தான், ஏனென்றால் நம் தலையீடு இதில் மிகக் குறைவு.

இதற்கும் மசியாவிட்டால் பிங்கியின் மண்டையில் ஊசியால் குத்தி மூளை கொஞ்சம் வெளியே தெரிகிற மாதிரி வைக்கலாம். கேட்கவே ஒரு மாதிரி இருக்கும், ஆனால் அந்த வாசனைக்குப் பல குட்டிகள் வாய் திறந்துவிடும். உயிருள்ள சுண்டெலியின் கூண்டில் கிடந்த படுக்கைத் துணுக்கில் எலியைப் புரட்டி எடுத்துக் கொடுப்பதும் பலிக்கும்.

ஒரு முயற்சி தோற்றால் அன்றே மறு முயற்சி வேண்டாம். ஐந்து, ஏழு நாள் தொடாமல் விட்டுவிட்டு மறுபடி. தினமும் எலியைக் காட்டிக்கொண்டே இருந்தால் பாம்பு எலியைக் கண்டாலே ஒளியப் பழகிவிடும். வாயைத் திறந்து திணிக்கிற வேலையை வீட்டில் செய்யவே கூடாது, தொண்டை கிழிந்து குட்டி செத்துப்போகும்.

எப்போது கவலைப்பட வேண்டும்?

எடை சொல்லும். வாரம் ஒரு முறை நிறுத்து எழுதி வையுங்கள். எடை மாறாமல் இருந்தால், சுறுசுறுப்பாக இருந்தால், காத்திருக்கலாம். வளர்ந்த பால் பைத்தான் மாதக்கணக்கில் தின்னாமல் இருக்கும், ஆனால் குட்டிக்கு அவ்வளவு சேமிப்பு இல்லை. உடல் எடையில் 10 சதவீதம் குறைந்தாலோ, முதுகெலும்பு கூர்மையாகத் தெரிந்தாலோ, மூக்கில் குமிழ், வாயில் சளி, மூச்சு விடும்போது சத்தம் இருந்தாலோ ஊர்வன பார்க்கிற கால்நடை மருத்துவரிடம் போங்கள். முட்டையிலிருந்து வந்து இதுவரை ஒரு முறை கூடத் தின்னாத குட்டிக்கு இன்னும் சீக்கிரம் போக வேண்டும்.

உயிருள்ள எலிக்குப் பழகிய பாம்பை எப்படி மாற்றுவது?

நேராக ஃப்ரீசர் எலிக்குத் தாவாமல் நடுவே ஒரு படி வையுங்கள். அப்போதுதான் கொல்லப்பட்ட, இன்னும் சூடு ஆறாத எலியை இரண்டு மூன்று வேளை கொடுத்துவிட்டு, பிறகு நன்றாகச் சூடேற்றிய ஃப்ரீசர் எலி. பாம்பு நன்றாகப் பசித்திருக்கும்போது, வழக்கமான நாளுக்கு மூன்று நான்கு நாள் தள்ளிக் கொடுத்தால் மாற்றம் சுலபம்.

தின்ற எலியை இரண்டு நாளில் கக்கிவிட்டது!

இது சாதாரணமாக விட வேண்டிய விஷயம் அல்ல. கக்கும்போது வயிற்று அமிலமும் குடலுக்கு நல்லது செய்யும் நுண்ணுயிரிகளும் சேர்ந்து வெளியே போய்விடுகின்றன. உணவுக்குழாயும் புண்ணாகியிருக்கும். பசியோடு இருக்குமே என்று மறுநாளே இன்னொரு எலியைக் கொடுத்தால் அதையும் கக்கும், மூன்றாவது முறை குட்டி தாங்காது. 10 முதல் 14 நாள் தண்ணீர் மட்டும். அப்புறம் வழக்கத்தில் பாதி அளவு இரை, அது தங்கினால் இன்னொரு முறையும் அதே பாதி, பிறகுதான் பழைய அளவு.

காரணம் பெரும்பாலும் நான்கில் ஒன்றாக இருக்கும்: கூண்டு குளிர்ந்திருந்தது, இரை பெரிது, உள்ளே ஐஸ் இருந்தது, தின்ற உடனே கையில் எடுத்தீர்கள். இரை எடுத்த பிறகு 48 மணி நேரம் பாம்பைத் தொடக் கூடாது. எல்லாம் சரியாக இருந்தும் இரண்டாம் முறை கக்கினால் மருத்துவர்தான், கிரிப்டோஸ்போரிடியம் மாதிரி ஒட்டுண்ணியாகக் கூட இருக்கலாம்.

கூண்டிலேயே கொடுத்தால் கையைக் கடிக்கப் பழகிவிடும் என்கிறார்களே?

பலரும் சொல்வதுதான், நான் நம்புவதில்லை. தின்ற கையோடு பாம்பைத் தூக்கி இன்னொரு இடத்துக்கு மாற்றுவதுதான் ஆபத்து. கூண்டைத் திறந்ததும் உணவு என்று அது நினைக்காமல் இருக்க, தீனி இல்லாத நாட்களில் கை விடும் முன்பு கொக்கியாலோ பேப்பர் சுருளாலோ உடம்பில் மெதுவாகத் தொட்டுவிட்டு எடுங்கள், வித்தியாசத்தைச் சீக்கிரமே புரிந்துகொள்ளும். ஒரே கூண்டில் இரண்டு பாம்பு இருந்தால் மட்டும் கட்டாயம் பிரிக்க வேண்டும். உண்மையில் தீனி வேளைக்கு மட்டும் இல்லை, எப்போதுமே தனித்தனியாக வையுங்கள், கிங் ஸ்நேக் பக்கத்துப் பாம்பையே தின்றுவிடும்.

எலியில் ஒட்டிய மரத்தூள் வயிற்றுக்குள் போனால்?

ஓரிரு துணுக்கு போனால் மலத்தோடு வந்துவிடும். ஈரமான எலியில்தான் அதிகம் ஒட்டும், அதனால்தான் ஒற்றி எடுக்கச் சொன்னேன். எலிக்கு அடியில் ஒரு ஓட்டுத் துண்டைப் போட்டுவிட்டால் தீர்ந்தது.

வீட்டில் பிடிபட்ட எலியையோ கோழிக்கறித் துண்டையோ கொடுக்கலாமா?

இரண்டும் வேண்டாம். வீட்டு எலி எங்கே விஷம் தின்றுவிட்டு வந்தது என்று யாருக்கும் தெரியாது. எலி விஷம் அந்த எலியைத் தின்ற பாம்பையும் கொல்லலாம். உறைய வைத்தாலும் விஷம் போகாது. கறித்துண்டில் எலும்பும் இல்லை, ஈரலும் குடலும் இல்லை. முழு எலியில் கால்சியம், வைட்டமின் ஏ எல்லாம் அதற்குள்ளேயே இருப்பதால்தான் தனியாகச் சத்துப் பொடி தூவத் தேவையில்லாமல் இருக்கிறது.

ஃப்ரீசரில் எத்தனை நாள் தாங்கும்? சமையல் பொருளோடு வைக்கலாமா?

மைனஸ் 18 டிகிரியில், காற்றுப் புகாத உறையில், ஆறு மாதம் வரை வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் கொழுப்பு கெடும், வைட்டமின் ஈ குறையும். தோல் காய்ந்து வெளிறியிருந்தால் தூக்கிப் போடுங்கள்.

தனி ஃப்ரீசர் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் கவரில் போட்டு, அதை மூடி இறுகுகிற டப்பாவில் வைத்து, கீழ்த் தட்டில் வையுங்கள். உறைந்த எலி சுத்தமானது என்று நினைக்க வேண்டாம், சால்மோனெல்லா கிருமி ஃப்ரீசரில் சாகாது. 2014-ல் அமெரிக்காவில் உறைந்த தீனி எலிகள் மூலம் பல மாநிலங்களில் மனிதர்களுக்கே சால்மோனெல்லா பரவி, அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் எச்சரிக்கை விட்டது. எலி இளக வைக்கிற பாத்திரம், இடுக்கி எதுவும் சமையலுக்குப் போகக் கூடாது, சமையலறைத் தொட்டியில் கழுவவும் கூடாது. முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தைகள், கர்ப்பிணிகள், முதியவர்கள் எலியையும் தொட வேண்டாம், பாம்பையும் தொட வேண்டாம்.

எலிக்குப் பதிலாக என் விரலைக் கவ்விவிட்டது, விடமாட்டேன் என்கிறது.

கையில் எலி வாசனை இருந்திருக்கும். இழுக்காதீர்கள், பற்கள் பின்னோக்கி வளைந்தவை, இழுத்தால் உங்கள் தோலும் கிழியும், அதன் பல்லும் உடையும். குளிர்ந்த தண்ணீரை அதன் வாய்ப்பக்கம் ஊற்றுங்கள், விட்டுவிடும். சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுக் கிருமிநாசினி தடவுங்கள்.

எப்போது பெரிய எலிக்கு மாறலாம்?

தின்ற மறுநாள் வயிற்றில் புடைப்பே தெரியாமல், வழக்கத்துக்கு முன்பே கூண்டுக்குள் தேடி அலைந்துகொண்டிருந்தால் அடுத்த அளவுக்கு நேரம் வந்துவிட்டது. பிங்கியிலேயே மாதக்கணக்கில் நிறுத்தி வைக்க வேண்டாம், எலும்பு இன்னும் முற்றாத அதில் கால்சியம் குறைவு. ஒரு பிங்கி பத்தவில்லை என்றால் இரண்டு பிங்கி, இரண்டும் சுலபமாகப் போனால் ஒரு ஃபஸ்ஸி. புதிய அளவைத் தந்த முதல் முறை மட்டும் அடுத்த வேளையை ஓரிரு நாள் தள்ளிப்போடுங்கள்.

பத்து நாள் வெளியூர் போகிறேன், தீனி கொடுக்க ஆள் இல்லை.

தீனிக்கு ஆள் தேவையே இல்லை. புதியவர் ஒருவர் இடுக்கியோடு தடுமாறுவதைவிடக் குட்டி ஒரு வேளை சும்மா இருப்பது மேல். கிளம்புகிற நாளன்று கொடுக்காமல் மூன்று நான்கு நாள் முன்பே கொடுத்துவிடுங்கள், கக்கினால் பார்க்க ஆள் இருக்க வேண்டும். ஆள் வேண்டியது தண்ணீருக்கும் சூட்டுக்கும்தான்: இரண்டு நாளுக்கு ஒரு முறை யாராவது வந்து கிண்ணத்தைக் கழுவி நிரப்பி, தெர்மோஸ்டாட் காட்டும் எண்ணைப் படம் எடுத்து உங்களுக்கு அனுப்பினால் போதும்.